கங்கா: ஒரு பெயரும் சில பெண்களும்

தமிழில் ஆற்றின் பெயர் கங்கை. பெண்ணின் பெயர் கங்கா. ஐகார ஈற்றில் நதியும் ஆகார ஈற்றில் நங்கையும் நிற்பது யமுனை - யமுனா என்னும் இணையிலும் காணப்படுகிறது. இச்சிறிய ஈற்று வேறுபாடு ஆளை ஆற்றிலிருந்து பிரித்துக் காட்டும் எல்லைக்கோடாகப் பேச்சு வழக்கில் செயற்படுகிறது. நதியின் பெயரைப் பெண்ணுக்கு இட்ட பின்பும் அவள் நதியல்லள், பெண்ணே என்று மொழி நினைவூட்டிக்கொண்டே இருக்கிறது. இந்த எல்லைக்கோட்டைப் படைப்பாளிகள் எங்கே காக்கிறார்கள், எங்கே அழிக்கிறார்கள் என்பதே இக்கட்டுரையின் வினா. ஜெயகாந்தனின் நாவல்களிலும், ‘மணிச்சித்திரத்தாழ்’ என்னும் மலையாளத் திரைப்படத்திலும் அதன் மறுவாக்கங்களிலும், ‘ராம் தேரி கங்கா மைலி’ என்னும் இந்தித் திரைப்படத்திலும் கங்கா என்னும் பெயர் பூண்ட பெண்கள் இதற்குக் களமாகின்றனர்.

நதிப்பெயர் கொண்ட பெண்ணை மணத்தல் ஆகாது என்பது மனு நூலின் விலக்கு. விண்மீன், மரம், நதி ஆகியவற்றின் பெயரைத் தாங்கிய கன்னியரை அந்நூலின் மூன்றாம் இயல் ஒருங்கே விலக்குகிறது. வழக்கு இவ்விதியைப் பொருட்படுத்தவில்லை. காவேரிகளும் யமுனாக்களும் கங்காக்களும் இல்லாத ஊர் அரிது. ஆயினும் விதி அஞ்சியது எதை என்று கேட்பதில் பயனுண்டு. அதற்கு விடை பாரதக் கதையில் கிடைக்கிறது. வில்லிபாரதத்தின் குருகுலச் சருக்கமும் கூறும் அக்கதையில் கங்கை சந்தனுவை மணக்க ஒரு நிபந்தனை விதிக்கிறாள். அவள் என்ன செய்யினும் அவன் தடுத்தல் கூடாது. தடுத்த அன்றே அவள் நீங்கிவிடுவாள். ஏழு மக்களை ஆற்றில் விட்டபோது வாளாவிருந்த சந்தனு எட்டாம் மகவின்போது தடுக்கிறான், அவள் நீங்குகிறாள். கங்கை என்றவுடன் தூய்மையையே நினைக்கும் பொதுப்புத்திக்கு இக்கதை இடையூறானது. இங்கு அவள் தூய்மையின் குறியீடல்லள். தன் செயலுக்கு விளக்கம் தர மறுக்கும் மனைவி. தடையே மணமுறிவு எனச் சொல்லிவிட்டு வந்தவள்.

சிலப்பதிகாரம் கங்கையைப் பிறிதொரு பணிக்கு அழைக்கிறது. கண்ணகிக்குக் கல் எடுக்க வடக்கே சென்ற செங்குட்டுவன் அக்கல்லைக் கங்கையில் நீர்ப்படை செய்வித்துக் கொணர்கிறான். ஒரு காதையே அப்பெயரால் அமைந்துள்ளது. மதுரையை எரித்தவளின் கல் நீராடுகிறது. ஆனால் அது மாசு களையும் நீரன்று. கண்ணகியிடம் களைய வேண்டிய மாசு எதுவும் இல்லை என்பது காப்பியத்தின் துணிபு. கல்லைத் தெய்வமாக்கும் சடங்கின் ஒரு படியே நீர்ப்படை. நீர் குற்றத்தைக் கழுவுவதும் நீர் சிறப்பை வழங்குவதும் வேறு வேறு என்னும் இத்தெளிவு பின்வந்த இலக்கியத்தில் மங்கிவிட்டது. பின்னர்த் தமிழில் அதை மீண்டும் கிளறியவர் ஜெயகாந்தன்.

நீர் போய்ப் பெயர் வந்தது

1966-இல் ‘ஆனந்த விகட’னில் வெளிவந்த ‘அக்கினிப் பிரவேசம்’ சிறுகதையின் நாயகிக்குப் பெயர் இல்லை. மழை நாளில் அறியாதவன் ஒருவனின் காரில் ஏறி, உடல் கெட்டதாக உலகம் கருதும் நிலையில் வீடு திரும்பும் கல்லூரி மாணவி அவள். கைம்பெண்ணான தாய் முதலில் அடிக்கிறாள். பிறகு மகளின் தலையில் குடம் குடமாக நீரூற்றி, அவள் தூய்மையாகிவிட்டாள் என்று தேற்றுகிறாள். தலைப்பில் தீ, செயலில் நீர். சீதையைத் தீயில் இறக்கிய மரபுக்கு எதிராகக் கிணற்றுநீரை வைத்தது அக்கதையின் துணிவு. வாசகரிடையே அது எழுப்பிய கொந்தளிப்பு இலக்கிய வரலாற்றில் பதிவானதே.

‘தினமணி கதி’ரில் ‘காலங்கள் மாறும்’ என்னும் தலைப்பில் தொடராக வெளிவந்து, பின்னர்ச் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ என நூல்வடிவம் பெற்று, 1972-ஆம் ஆண்டுக்குரிய சாகித்திய அகாதெமி விருதை வென்ற நாவலில் அதே நிகழ்ச்சி வேறு விதமாகத் திரும்புகிறது. இங்கே தாய் கனகம் நீரூற்றவில்லை, ஓலமிடுகிறாள். செய்தி தெருவுக்குத் தெரிகிறது. அண்ணன் கணேசன் தங்கையை வீட்டைவிட்டு வெளியேற்றுகிறான். சிறுகதையில் பெயரின்றி நின்ற பெண்ணுக்கு நாவலில்தான் கங்கா என்று பெயர் கிடைக்கிறது. தாயின் கையிலிருந்த நீர் மறைந்த இடத்தில் மகளுக்கு நீரின் பெயர் வந்து சேர்கிறது. இதை ஆசிரியர் திட்டமிட்டாரா என்பது இங்குத் தேவையற்ற வினா. நீரூற்றப்பட்டவளுக்குப் பெயர் வேண்டியிருக்கவில்லை; அவள் சிக்கல் வீட்டின் முற்றத்திலேயே முடிந்துவிட்டது. நீர் மறுக்கப்பட்டவளுக்கோ ஒரு வாழ்க்கை முழுவதும் வாழ வேண்டியுள்ளது. அதற்குப் பெயர் வேண்டும்.

கங்கா என்னும் பெயரைக் கெட்டும் கெடாத தூய்மையின் குறியீடு என்று விளக்குவது வகுப்பறைகளில் வழக்கமாகிவிட்ட எளிய வாசிப்பு. நாவல் அதற்கு இடங்கொடுக்கவில்லை. கங்காவின் தன்மைக் கூற்றாகவே பெரும்பகுதி விரியும் இந்நாவலில் அவள் தன் பெயரை வைத்துத் தன்னைப் போற்றிக்கொள்பவளாக வரவில்லை. அவளுடைய அக்கறை தூய்மையன்று, கணக்கு. தன் வாழ்வில் நடந்ததற்குப் பொறுப்பாளி யார் என்பதை அவள் அறிய விரும்புகிறாள்.

கதையைப் படித்த கங்கா

நாவலின் அச்சாணி ஒரு வாசிப்பு நிகழ்ச்சி. படித்து, அலுவலகத்தில் பொறுப்பான பதவியில் அமர்ந்துவிட்ட கங்கா, ஆர்.கே.வி. என்னும் எழுத்தாளர் எழுதிய ‘அக்கினிப் பிரவேச’த்தைப் படிக்கிறாள். அது தன் கதையே எனக் காண்கிறாள். ஆனால் முடிவு வேறு. அங்கே தாய் நீரூற்றுகிறாள், இங்கே ஊற்றவில்லை. கனகமும் அக்கதையைப் படித்து, அந்தத் தாயைப் போலத் தான் நடந்துகொள்ளவில்லையே என்று கலங்குகிறாள். தன் சொந்தச் சிறுகதையை நாவலுக்குள் ஒரு பொருளாகவே வைத்து, அதன் நல்ல முடிவு வாழ்க்கையில் எவ்வளவு அரிது என்பதைப் பாத்திரங்களின் வாயிலாகச் சோதிப்பது ஜெயகாந்தனின் மிகச் சிறந்த உத்தி. தம் கதைக்குத் தாமே எழுதிய மறுப்புரை என்றும் இதனைக் கொள்ளலாம்.

வாசிப்புக்குப் பிறகு கங்கா செய்வது நோக்கத்தக்கது. காப்பதாகக் கூறிக்கொண்டே அவளை விழுங்கப் பார்க்கும் வெங்கு மாமா, அந்த மனிதனைத் தேடிப் பிடிக்க முடியுமா என்று அறைகூவுகிறார். கங்கா எழுத்தாளரின் வழியே பிரபுவைக் கண்டுபிடிக்கிறாள். கதையின் வழியாகக் கதைக்கு வெளியே உள்ள மனிதனை அடைகிறாள் என்பதே இதன் பொருள். அவனுக்குப் பத்மா என்னும் மனைவியும் மஞ்சு என்னும் மகளும் உண்டு. ஊர் பார்வையில் கங்கா ‘இன்னொருத்தி’ ஆகிறாள். சிவனின் சடையில் கங்கை இருப்பதும் உமை ஊடுவதும் தமிழ் பக்தி மரபு சலிக்காமல் பாடிய செய்தி. அந்த ‘இன்னொருத்தி’ இடத்தில் உடல் உறவு ஏதுமின்றியே கங்கா அமர்ந்துகொள்வதுதான் நாவலின் கூர்மை. ஊர் சூட்டும் பெயரை அவள் மறுப்பதில்லை, கேடயமாக ஏந்துகிறாள். பிரபுவும் விலகிய பின் மதுவும் புகையுமாக அவள் எஞ்சும் இறுதிப் பக்கங்கள் பலருக்கு உவப்பளிக்கவில்லை. உவப்பளிக்காமையே அவற்றின் வலிமை எனலாம். நதியாக ஆக்கி வணங்கிவிட முடியாத ஒரு பெண் அங்கே நிற்கிறாள்.

1977-இல் ஏ. பீம்சிங் இயக்கத்தில் ஜெயகாந்தனின் திரைக்கதை உரையாடலுடன் வெளிவந்த திரைப்படம் இந்தக் கசப்பைப் பெரிதும் காப்பாற்றியது. கங்காவாக நடித்த லட்சுமி தேசிய விருது பெற்றார். எழுத்தாளராக நாகேஷை நடிக்கச் செய்ததும் குறிப்பிடத்தக்கது. நகைச்சுவைக்கென்றே அறியப்பட்ட முகம், பிறர் துயரைக் கதையாக்கிவிட்டு அதன் விளைவின் முன் திகைத்து நிற்கும் எழுத்தாளனுக்குப் பொருந்திவிட்டது.

1978-இல் வந்த தொடர் நாவலின் தலைப்பு ‘கங்கை எங்கே போகிறாள்’. கங்கா அன்று, கங்கை. தொடக்கத்தில் சுட்டிய எல்லைக்கோடு தலைப்பிலேயே அழிந்துவிடுகிறது. ஐகார ஈறு அவளை ஆறாக்குகிறது. ‘போகிறாள்’ என்னும் வினைமுற்று மட்டும் பெண்ணென்று சொல்லிக்கொண்டிருக்கிறது. இறுதியில் அவள் காசியில் கங்கையோடு கலந்துவிடுகிறாள். முதல் நாவலில் தன் பெயரின் பொருளுக்கு எதிராகவே வாழ்ந்த பெண், இரண்டாம் நாவலில் அப்பொருளுக்குள் மூழ்கடிக்கப்படுகிறாள். நீரூற்ற மறந்த தாயின் கடனைக் கதாசிரியர் ஆற்றின் துணைகொண்டு தீர்த்துவைக்க முயன்றதுபோல் இம்முடிவு அமைகிறது. கங்கா கேட்ட கணக்குக்கு இது விடையன்று. இரண்டாம் நாவல் முதலாவதன் உயரத்தை எட்டாமைக்குக் கட்டமைப்புத் தளர்ச்சியைக் காரணம் காட்டுவோர் உளர். பெயர் பெண்ணை வென்றுவிட்டதே முதற்காரணம் என்று கருத இடமுண்டு.

உருவகமே ஆளாக

இந்த வெற்றி முழுமை பெற்ற இடம் 1985-இல் ராஜ் கபூர் இயக்கிய ‘ராம் தேரி கங்கா மைலி’. அவர் இயக்கிய கடைசிப் படமும் அதுவே. கங்கோத்திரியில் பிறந்த கங்கா, கல்கத்தாவிலிருந்து வந்த நரேனை மணக்கிறாள். அவன் திரும்பி வரவில்லை. கைக்குழந்தையுடன் அவனைத் தேடி இறங்குகிறாள். ரிஷிகேசம், காசி, கல்கத்தா என அவள் செல்லும் வழி ஆறு செல்லும் வழியே. ஒவ்வோர் ஊரிலும் ஒவ்வொருவர் அவளை அழுக்காக்குகின்றனர். தலைப்பே பொருளுரையாகிவிட்ட இப்படத்தில் பெண்ணுக்குத் தனி மனம் என்று ஒன்று தேவைப்படவில்லை. ஜெயகாந்தனின் கங்கா ஒரு கதையைப் படித்து அதனோடு வழக்காடுகிறாள். ராஜ் கபூரின் கங்கா எதையும் படிப்பதில்லை. அவளே பிறர் படிக்கும் கதை. அவளுக்காக இரங்கும் படம், இரக்கத்தின் பெயரால் அவள் உடலைக் காட்சிப்பொருளாக்கத் தயங்காததும் இதன் தொடர்ச்சியே. உருவகத்துக்கு நாணம் இராது அன்றோ!

இந்தித் திரையில் கங்கா ஆணின் பெயராகவும் வந்ததுண்டு. 1961-இன் ‘கங்கா ஜமுனா’வில் திலீப் குமார் ஏற்ற கங்கா அத்தகையவன். அங்கே இரு நதிப்பெயர்களும் பிரிந்த உடன்பிறப்புகளைக் குறிப்பதற்கு மேல் பெரிதாக எதையும் தாங்கவில்லை.

தெக்கினியைத் திறந்தவள்

மது முட்டத்தின் திரைக்கதையில் ஃபாசில் இயக்கி 1993-இல் வெளிவந்த ‘மணிச்சித்திரத்தாழ்’ பேய்ப்படமாகத் தோன்றி உளவியற்படமாக முடிவது. கணவன் நகுலனுடன் கல்கத்தாவிலிருந்து மாடம்பள்ளித் தறவாட்டுக்கு வரும் கங்கா, பூட்டிக்கிடக்கும் தெக்கினியைத் திறக்கச் செய்கிறாள். நாகவல்லியின் கதையை அறிகிறாள். தஞ்சாவூரிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழ் நடனப்பெண் நாகவல்லி. எதிர்வீட்டு இராமநாதனைக் காதலித்தவள். தறவாட்டுக் காரணவர் சங்கரன் தம்பியால் கொல்லப்பட்டவள். கங்கா அவளாகவே மாறத் தொடங்குகிறாள்.

ஜெயகாந்தனின் கங்காவையும் இவளையும் ஒருங்கு வைத்து நோக்குவோர் பெயரொற்றுமையோடு நின்றுவிடுதல் இயல்பு. ஆழ்ந்த ஒற்றுமை பிறிதோரிடத்தில் உள்ளது. இவளும் ஒரு வாசகி. பெற்றோர் கல்கத்தாவுக்குச் சென்றுவிட, பாட்டியின் கதைகளைக் கேட்டு வளர்ந்தவள். எதிர்வீட்டில் குடியிருக்கும் விரிவுரையாளர் மகாதேவனின் கவிதைகளை அவரைக் காண்பதற்கு முன்பே படித்து ஈடுபட்டவள். கதையை வெறும் கதையாக விட்டுவிட இயலாத மனம் இரு கங்காக்களுக்கும் பொது. திசைதான் வேறு. ஒருத்தி பிறர் எழுதிய கதையில் தன் வாழ்வைக் காண்கிறாள். மற்றொருத்தி தன் வாழ்வுக்குள் பிறள் ஒருத்தியின் கதையை வரவேற்கிறாள். இருவர் கதையிலும் நீதி பாக்கியுள்ளது. அந்தப் பாக்கியைத் தண்டுவதற்காகவே இருவரும் எழுகின்றனர்.

படத்தின் உச்சமான காட்சி ஒரு சிறிய மறுப்பில் தொடங்குகிறது. அல்லியின் திருமணத்துக்கு நகை வாங்கச் செல்ல ஆயத்தமாகும் கங்காவை, மருத்துவர் சன்னியின் அறிவுரைப்படி, நகுலன் போக வேண்டா என்று தடுக்கிறான். அவள் முகம் மாறுகிறது, கட்டிலை ஒரு கையால் தூக்குகிறாள், தமிழ் பேசுகிறாள். சந்தனுவின் கதையை அறிந்தவர்க்கு இக்காட்சி புதிதன்று. தடுக்கும் கணவன்முன் கங்கை நீங்கிவிடுகிறாள். நீங்கிய இடத்தில் நாகவல்லி நிற்கிறாள். சோபனாவின் முகத்தில் நிகழும் அம்மாற்றத்தை ஒப்பனையோ படத்தொகுப்போ உண்டாக்கவில்லை. நடனம் பயின்ற கண்களும் கழுத்துமே உண்டாக்குகின்றன. அவர் பெற்ற தேசிய விருதுக்கு இவ்வொரு காட்சியே போதிய சான்று.

மருத்துவம் துர்க்காட்டமி இரவில் சடங்கின் வடிவில் நிகழ்கிறது. காரணவர் என்று எண்ணி அவள் வாளோங்கும் வேளையில் பொம்மை மாற்றி வைக்கப்படுகிறது, அவள் பழி தீர்த்துக்கொள்கிறாள், குணமாகிறாள். நாகவல்லியின் முறையீடு நியாயமானது என்பதைப் படம் மறைக்கவில்லை. ஆனால் அந்நியாயம் ஒரு பொம்மையை வெட்டுவதோடு நிறைவுறுகிறது. தறவாடும் தறவாட்டின் பெயரும் ஊறின்றி மீள்கின்றன. அவள் கண்ணுக்குக் காரணவராகத் தெரிந்த கணவன் அந்தக் காரணவரின் குடும்பத்து வழித்தோன்றலே என்பதை எண்ணினால், பொம்மை யாருக்கு வசதியானது என்பது விளங்கும். கனகம் ஊற்றாத நீரை இங்கே சன்னி ஊற்றிவிடுகிறார் எனலாம். ‘அக்கினிப் பிரவேச’த்துத் தாயைப் போலவே அன்புடன், வீட்டுக்குள்ளேயே, வெளியே தெரியாமல்.

மலையாளக் கங்காவின் சினம் தமிழில் பேசுவது தமிழ் ஆய்வாளர் கடந்து செல்லக்கூடாத செய்தி. வேற்றுமொழி பேசும் ஆடல்மகள் என்பதனால் நாகவல்லி தறவாட்டுக்கு இருமடங்கு அயலாள். திரையில் இரு பெண்களுக்கும் குரல் ஒன்றன்று. கங்காவுக்குப் பாக்கியலட்சுமியும் நாகவல்லிக்குத் தமிழ்க் குரற்கலைஞர் துர்க்காவும் பின்னணி பேசினர். துர்க்காவின் பங்கு நெடுங்காலம் வெளியே தெரியாதிருந்து, பல ஆண்டுகளுக்குப் பின்னர் இயக்குநராலேயே வெளிப்படுத்தப்பட்டது. அயலாளின் குரலுக்கு உரியவர் பெயரும் பூட்டிய அறைக்குள்ளேயே இருந்திருக்கிறது.

பெயர் நின்ற மொழிகளும் நில்லாத மொழியும்

கன்னடத்தில் ‘ஆப்தமித்ரா’ (2004), தமிழில் ‘சந்திரமுகி’ (2005) என பி. வாசு இதனை இருமுறை மறுவாக்கம் செய்தார். இரண்டிலும் கங்கா கங்காவாகவே இருக்கிறாள். அவளுள் எழுபவள் தெலுங்கு பேசுகிறாள். மலையாளத்துக்குத் தமிழ் அயல். தமிழுக்கும் கன்னடத்துக்கும் தெலுங்கு அயல். ஒவ்வொரு மொழியும் தன் வீட்டுப் பெண்ணின் அடங்காமையை அண்டை மொழியிடம் ஒப்படைத்துவிடுகிறது. தமிழ்ச் ‘சந்திரமுகி’யில் வேறொரு மாற்றமும் உண்டு. அரண்மனை கணவன் செந்தில்நாதன் விலைக்கு வாங்கியது. வேட்டையன் அவனுக்கு முன்னோன் அல்லன். விலைக்கு வாங்கிய வீட்டில் பழிக்கு உரிமையாளன் இல்லை. ஆகவே கங்காவின் வாள் கணவனை நோக்கும்போது மலையாளத்தில் இருந்த கூர் இங்கே மழுங்கிவிடுகிறது. தலைப்பு பேயின் பெயரைத் தாங்க, கதை சரவணனாக வரும் ரஜினிகாந்தின் பக்கம் சாய, கங்கா இருவருக்கும் நடுவே சிறுத்துப்போகிறாள். ஜோதிகாவின் நடிப்பு அந்தச் சிறுமையை மீறி நினைவில் நிற்பது உண்மையே. ஜெயகாந்தனின் கங்கா பிரபு என்னும் பாத்திரத்தைத் தேடினாள். இந்தக் கங்காவுக்குக் கணவனாக நடித்தவரின் பெயர் பிரபு. தற்செயலுக்கும் நகைச்சுவை உணர்வு உண்டு போலும்.

மூலப்படத்தின் ஆக்கத்தில் துணைநின்ற பிரியதர்சன் 2007-இல் ‘பூல் புலையா’ என இந்திக்குக் கொண்டுசென்றபோது பெயர் நிற்கவில்லை. வித்யா பாலன் ஏற்ற பாத்திரம் அவனி ஆயிற்று. கங்கை ஓடும் நிலத்தின் மொழியிலேயே கங்கா என்னும் பெயர் கைவிடப்பட்டது வியப்புக்குரியது. தெற்கே அது படித்த நடுத்தரக் குடும்பத்துப் பெண்ணின் இயல்பான பெயர். ராஜ் கபூரின் படத்துக்குப் பிறகு இந்தித் திரையில் அது உருவகமாக அன்றி ஒலிப்பது அரிதாகிவிட்டது என்பது ஒரு காரணமாகலாம். ஆற்றின் பெயர் போன இடத்தில் நிலத்தின் பெயர் வந்திருக்கிறது; அவனி என்பதன் பொருள் அதுவே. அவளுள் எழும் மஞ்சுளிகாவோ வங்க மொழி பேசுபவள், கங்கை கடலோடு கலக்கும் நாட்டிலிருந்து வந்தவள்.